போக வேண்டிய முகம்

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, ஜூன் மாதத்து மதியம். வளைகுடா நகரொன்றின் தேரா கடைத்தெருவில், மதிய ஓய்வுக்குக் கடைகள் கதவை இறக்கும் நேரம். அந்த நேரம் பார்த்துத்தான் திரு. கிபோண்டே மறுபடியும் வந்து நின்றார்.

ஓர் ஆப்பிரிக்க நாட்டின் எதிர்க்கட்சித் தலைவர் அவர். ஜனாதிபதி பதவிக்கு மூன்று முறை நின்று, மூன்று முறையும் தோற்று, நடுவில் சிறையும் கண்டவர். போன தேர்தலைப் போலவே இந்தத் தேர்தலுக்கும், தம் முகம் போட்ட பனியன்களை இந்த அச்சுக்கடையில்தான் கேட்டிருந்தார்.

"துணி கெட்டியாக இருக்கட்டும். தையல் இரட்டையாக இருக்கட்டும். ஆனால் முதல் சலவையிலேயே என் முகம் போய்விட வேண்டும்" என்றார் ஆங்கிலத்தில். நேற்றும் இதையேதான் சொன்னார்.

"காரணத்தைச் சொல்லுங்களேன்" என்றார் மேலாளர் கௌரிசங்கர்.

"விலையைக் குறைக்கச் சொன்னேனா, மிஸ்டர் கௌரி? கேட்டபடி செய்யுங்கள்."

அவர் படியிறங்கியதும் கௌரிசங்கர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஊரெல்லாம் சாயம் போகுதுன்னு சண்டைக்கு வர்றான். இந்த மனுஷனுக்குச் சாயம் போகணுமாம்."

"தோத்துட்டா, மூஞ்சியக் கழுவிட்டுத் துணிய வித்துருவாரு சார்" என்றான் அச்சடிக்கும் முனியசாமி. "தோத்துத் தோத்துத் தொழில் கத்துக்கிட்டாரு."

"அச்சடிச்சதும் சூடு காட்டலைன்னா சாயம் ஓடிடும், இல்ல?"

"ஒரே அலசுல."

"கழுத்துல நம்ம கடைப் பேர் இருக்குப்பா. நாளைக்கு நம்மளைப் பார்த்துத்தான் சிரிப்பாங்க. நல்லா சூடு காட்டு. அவர்கிட்ட மூச்சு விடாதே."

ஐந்நூறு பனியன்களும் கட்டுக் கட்டாகத் தயாராயின. வாங்க வந்த கிபோண்டே, ஒன்றை உருவி, கடை வாளியில் முக்கிக் கசக்கினார்.

முகம் அப்படியே சிரித்தது.

"எங்கள் தரம் அப்படி, சார்" என்றார் கௌரிசங்கர்.

கிபோண்டே ஈரப் பனியனோடு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"தோற்பேன் என்று ஒரு வேட்பாளன் தன் வாயால் சொல்லக் கூடாது. அதனால்தான் காரணம் சொல்லவில்லை. போன முறை முடிவு வந்ததுமே, ஜெயித்தவர்களின் ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து, என் முகம் போட்டிருந்தவர்களைத் தேடினார்கள். பலர் கழற்றி எறிந்து தப்பினார்கள். என் டிரைவருக்கு மாற்றுத்துணி கிடையாது. அதையேதான் துவைத்துத் துவைத்துப் போட்டிருந்தான்."

ஈரப் பனியனை மடியில் விரித்தார்.

"அதோடுதான் அவனைப் புதைத்தோம். உங்கள் சாயம் அப்போதும் மங்கவில்லை."

முனியசாமி புதிதாக ஐந்நூறு அடித்தான், சூடு காட்டாமல்.

ஆகஸ்டில் கிபோண்டே நாலாவது முறையும் தோற்றார். தர வேண்டிய மீதியைச் செப்டம்பரில் முழுதாக அனுப்பினார். வீணாய்ப்போன ஐந்நூறு பனியன்களின் விலை, டிசம்பர் வரை மாதாமாதம் கௌரிசங்கரின் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. பிடிக்கச் சொன்னவரும் கௌரிசங்கர்தான்.