அரை மணி குறையும் ஆசாமி

"பதினொன்றரை ஆச்சு. ஊசியைக் கழட்டு தங்கச்சி!"

டயாலிசிஸ் வார்டின் நாலாம் நம்பர் நாற்காலியிலிருந்து மெக்கானிக்கின் குரல் கிளம்பியதும், டாக்டரம்மா பேனாவை மேஜையில் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்கு. எறிந்தார்.

ஆறு மாதமாக இதே பாட்டு. எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை இருக்க வேண்டிய மனுஷன், அரை மணி முன்னாலேயே எழுந்து நிற்பார். டயாலிசிஸை முழுசாகச் செய்துகொள்கிறவர் ரத்தம் எப்படி இருக்கிறது, பாதியில் எழுந்து ஓடுகிறவர் ரத்தம் எப்படி இருக்கிறது என்பதுதான் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. ஓடுகிறவர் பட்டியலில் முதல் ஆள் இவர்.

"இன்னைக்கு என்ன காரணம்?"

"முதுகு அரிக்குது டாக்டரம்மா."

"போன தடவை?"

"மச்சான் வந்திருந்தான்."

"அதுக்கு முந்தின தடவை?"

"அதே மச்சான் வரப்போறேன்னு போன் பண்ணியிருந்தான்."

வார்டே சிரித்தது. பக்கத்து மெஷின்கூட 'பீப்' என்றது.

"சிரிக்காதீங்க! ரத்தத்துல கழிவு அப்படியே தங்குது. காலைப் பாருங்க, தலகாணி மாதிரி வீங்கிக் கிடக்கு. ஒரு நாள் இதயம் 'போதும்ப்பா'ன்னு நின்னுடும். அப்போ உங்க மச்சான் வந்து பம்ப் அடிப்பாரா?"

"அவன் சைக்கிளுக்கே காத்தடிக்க மாட்டான்."

டாக்டரம்மா கண்ணை மூடி ஒன்று முதல் பத்து வரை எண்ணினார். ஏழிலேயே பொறுமை தீர்ந்துவிட்டது.

"மதியம் இதே நாற்காலிக்கு டீச்சர் வர்றாங்களே, அவங்களைப் பார்த்துக் கத்துக்கங்க! காலையில ஸ்கூல்ல கத்திட்டு வந்து, நாலு மணி நேரம், ஒரு நிமிஷம் குறையாம உட்கார்றாங்க. அவங்களும் மனுஷிதானே?"

"டீச்சராச்சே" என்றார் மெக்கானிக்.

"சிஸ்டர், பன்னிரண்டு அடிக்கிற வரைக்கும் இவருக்கு ஊசியை எடுக்கக் கூடாது. நான் இங்கேயே காவல் இருக்கேன்."

சிஸ்டர் வாயைத் திறந்தார். மெக்கானிக் ஒரு முறை முறைத்தார். வாய் மூடிக்கொண்டது.

மெக்கானிக் கெஞ்சினார். மிஞ்சினார். மயக்கம் வந்ததுபோல் தலையைச் சாய்த்து, யாராவது பார்க்கிறார்களா என்று ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். டாக்டரம்மா கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையவில்லை. சரியாகப் பன்னிரண்டுக்குத்தான் ஊசி வெளியே வந்தது.

"முழுசா நாலு மணி நேரம்! உட்கார்ந்தீங்களே, என்ன குடி முழுகிப் போச்சு?"

மெக்கானிக் சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மெஷினைக் கழுவித் தயார் செய்ய ஒரு மணி நேரம். டீச்சர் ஒரு மணிக்கு உட்கார்ந்தார்.

நாலரை மணிக்கு அதே நாற்காலியிலிருந்து குரல்.

"சிஸ்டர், கழட்டிடுங்க."

டாக்டரம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். "டீச்சர்! நீங்களுமா?"

"நம்ம ஆஸ்பத்திரி வேன் நாலே முக்காலுக்குக் கிளம்பிடும் டாக்டர். அதை விட்டா எங்க பக்கம் வேற வண்டியே கிடையாது. எப்பவும் பன்னிரண்டரைக்கே மெஷின் தயாரா இருக்கும். இன்னைக்குத்தான் என்னமோ ஒரு மணி ஆயிடுச்சு."

டீச்சர் வெளியே போனார். டாக்டரம்மா சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் படபடவென்று கொட்டிவிட்டார்.

"நான் என்ன டாக்டர் பண்றது? 'டீச்சருக்கு ஏற்கெனவே இதயம் வீக்கு. அரை மணி யாருக்காவது குறையணும்னா எனக்குக் குறையட்டும். அவங்களுக்குத் தெரிஞ்சா உட்கார மாட்டாங்க, டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை எந்திரிக்க விட மாட்டாங்க'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு மனுஷன்."

டாக்டரம்மா படிக்கட்டில் இறங்கி ஓடினார். மூச்சிரைக்கப் போய் வேனின் ஜன்னலைத் தட்டினார்.

"ஏம்ப்பா, உனக்கு மனசாட்சி இருக்கா? அரை மணி பொறுத்துக் கிளம்பக்கூடாதா? உன் அவசரத்தால ஒரு மனுஷன் கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டிருக்கான்!"

டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்த ஐஸ் பெட்டியைத் தொட்டுக் காட்டினார்.

"நான் அஞ்சேகாலுக்குத்தானே டாக்டர் எடுத்துக்கிட்டிருந்தேன்? உங்க ஆராய்ச்சி ரத்தம் அஞ்சரைக்குள்ள லேபுக்குப் போயாகணும், நாலே முக்காலுக்குக் கிளப்புன்னு ஆறு மாசம் முன்னாடி லெட்டர் போட்டது நீங்கதானே?"