பின்னால் நின்றவள்

எதிரணியின் ஏழாம் நம்பர் மறுபடியும் கௌசல்யாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

கௌசல்யா திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓரடி விலகினாள்.

திருவனந்தபுரத்தில் நடக்கும் அகில இந்தியப் பல்கலைக்கழக கோர்ஃப்பால் போட்டி. அரையிறுதி. இரண்டு அணிக்கும் சம கோல். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் ஆட்டம். பெண்ணைப் பெண்தான் தடுக்கலாம். தடுக்கிறவள் கூடைக்கும் எதிராளிக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

முதல் பாதியில் இவளும் ஒழுங்காக முன்னால்தான் நின்றாள். இப்போது ஏன் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறாள்?

"அவகிட்ட சூட்சிச்சுக்கோ, கேட்டியா?" காலையில் மெஸ்ஸில் அணித்தோழன் செல்வகணேஷ் எச்சரித்திருந்தான். "போன வருஷம் ஒருத்திக்கு முட்டு போனது இவளாலயாக்கும்."

சாலை பஜாரில் அரிசிக்கடை வைத்திருக்கும் அப்பாவும் எச்சரித்துத்தான் அனுப்பியிருந்தார். "கையோ காலோ ஒடிஞ்சு வந்தா, கிரவுண்டோட சரி. பொறவு கடையிலதான் இருக்கணும்."

கௌசல்யா இடப்பக்கம் நகர்ந்தாள். ஏழாம் நம்பரும் நகர்ந்தாள். வலப்பக்கம் ஓடினாள். காலடிச் சத்தம் பின்னாலேயே வந்தது.

எதிரணியின் கோச் அவளை முன்னால் போகச் சொல்லி இந்தியில் கத்தினார். அவள் கேட்கவில்லை. டைம் அவுட் வேண்டும் என்று கையால் காட்டினாள். அவர் முடியாது என்று தலையாட்டினார்.

அவள் கௌசல்யாவின் காதருகே குனிந்து ஏதோ கிசுகிசுத்தாள்.

பள்ளிக்கூடத்தில் படித்த இந்தியெல்லாம் பயத்தில் மறந்துபோயிருந்தது. 'மத்' என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. மத் என்றால் கூடாது.

எது கூடாது? கோல் போடக் கூடாதா? போட்டால் முழங்கால் போய்விடுமா?

அணித்தோழன் சாய் எறிந்த பந்து கைக்கு வந்தது. முன்னால் யாருமே இல்லை. கூடை மட்டும்.

"ஷூட் செய்யு மோளே!" அவர்களுடைய கோச் ஜெயன் அலறினார்.

கழுத்தில் அவளுடைய மூச்சுச் சூடு. கௌசல்யா கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாள்.

கோல்! அடுத்த நொடியே நீண்ட விசில். ஆட்டம் முடிந்தது.

கேலரி எழுந்து கத்தியது. கௌசல்யா தப்பித்தோம் என்று ஓடப் பார்த்தாள். அதற்குள் இரண்டு கைகள் அவள் தோளை இறுகப் பிடித்துச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போயின. முதுகு சுவரில் மோதியது. எதிரே ஏழாம் நம்பர்.

"அம்மா!"

சாய் பாய்ந்து வந்தான். "ஏய், விடு அவளை! தோத்ததுக்கு அடிக்கறியா?"

அவள் அவனையும் ஒரு கையால் தள்ளினாள். மற்றப் பையன்களையும் கிட்டே விடவில்லை. மைதானத்தின் மறுபாதியிலிருந்து ஓடிவந்த அணித்தோழி ஜெபமலரை மட்டும் கையைப் பிடித்து இழுத்து, கண்ணால் எதையோ காட்டினாள்.

ஜெபமலர் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"சாய், உன் ஜாக்கெட்டக் குடு. பசங்களக் கூட்டிட்டு அங்க போ."

"என்ன செய்யப் போறா இவ?" கௌசல்யா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

ஜெபமலர் ஜாக்கெட்டை கௌசல்யாவின் இடுப்பில் சுற்றிக் கட்டினாள்.

"பயப்படாத. பீரியட்ஸ் வந்திருக்கு உனக்கு, ஷார்ட்ஸ் பூரா கறை. கேலரியில அத்தன பேரும் வீடியோ எடுத்துட்டு இருந்தானுவ. தோத்தாலும் சரின்னு, இவ்வளவு நேரமும் உன்ன மறைச்சுட்டுல்லா நின்னிருக்கா இந்தப் பொண்ணு!"