பூசைக்குப் போன பிளொப்பி

“உந்த அறைக்குள்ளை கர்ப்பூரமும் வேண்டாம், சாம்பிராணியும் வேண்டாம். சொன்னாச் சொன்னதுதான்!”

வின்சன்ற் சேர் முகத்திலடித்த மாதிரிச் சொன்னதும், கொம்பியூட்டர் வகுப்புப் பெட்டைகள் எல்லாருக்கும் முகம் சுருங்கிப் போய்விட்டது.

விடிந்தால் சரசுவதி பூசை. எண்பத்தாறில் யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டரைக் கண்ணால் கண்டவர்களே கொஞ்சப் பேர். அப்பேர்ப்பட்ட ஒன்றில் படிக்கிறவர்கள், அதற்கு ஒரு பொட்டாவது வைக்காமல் விடலாமா?

“வேதக்காரர்தானே, சேர்ச்சுக்குப் போற ஆள். எங்கடை பூசை அவருக்குப் பகிடியாக்கும்,” என்று மகாதேவி படியிறங்கும்போதே முணுமுணுத்தாள்.

குணலட்சுமிக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பூசைக்கு மறுநாள், விசயதசமிக் காலமை, கூட்டுறவுச் சங்கக் கந்தோரிலிருந்து ஆள் வந்து சோதினை வைக்கப்போகிறார்கள். கெட்டிக்காரி ஒருத்திக்கு வேலை. தகப்பன் இல்லாத வீடு. அவளை விட்டால் உழைத்துப்போட வேறு ஆளில்லை. கலைமகளைக் கும்பிடாமல் எந்தத் தைரியத்தில் போய்ச் சோதினைக்கு இருப்பது?

“நீ போ, மகாதேவி. நான் குடையை விட்டிட்டு வந்திட்டன்.”

திரும்பி மேலே ஏறினாள். சேர் யன்னல் சாத்திக்கொண்டு நின்றார். மேசையில் பிளொப்பிப் பெட்டி திறந்தபடி கிடந்தது. ‘வேட்ஸ்ரார்’ என்று எழுதிய பிளொப்பி அவளுடைய கைப்பைக்குள் போய்விட்டது.

அந்தக் கறுப்புத் தட்டுக்குள்தான் எல்லாம் இருக்கிறது. அது உள்ளே போனால்தான் கொம்பியூட்டரில் கடிதம் அடிக்கலாம். இல்லையென்றால் அதுவும் ஒரு வெறும் பெட்டிதான்.

தட்டின் உறையில் மஞ்சளாய் ஒரு கறை. ‘ஆரோ சோத்துப் பாசல் பிடிச்ச கையாலை தொட்டிருக்கினம். பழக்கவழக்கம் இல்லாதவளவை!’ என்று ஏசிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

சாமியறையில் புத்தகங்களுக்கு மேலே அதையும் வைத்தாள். ‘உறையைக் கழற்றிப்போடாதேங்கோ அம்மா’ என்று சொல்ல மட்டும் மறந்துபோனாள். வினை அங்கேதான் வந்தது.

விசயதசமிக் காலமை எடுக்கப் போனவள் அலறிவிட்டாள்.

“என்னம்மா செய்து வைச்சிருக்கிறியள்?”

“ஏன்? எல்லாத்துக்கும் வைச்ச மாதிரி உதுக்கும் பொட்டு வைச்சனான்,” என்றாள் தாய் இரத்தினம்மா. “நீளமாய் ஒரு கண் திறந்து கிடந்துது பிள்ளை. அதுதான் உதின்ரை முகமாக்கும் எண்டு, வடிவாய் அதிலையே வைச்சன்.”

முதல் நாள் வகுப்பிலேயே சேர் படித்துப் படித்துச் சொன்னது அந்தக் கண்ணைப் பற்றித்தான். விரல் பட்டாலே தட்டுச் செத்துப்போகும் என்று சொன்னவர். இங்கே சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்தன. துணியால் துடைத்தாள். குங்குமம் இன்னும் வடிவாகப் பரவியது.

வேறு தட்டு வேண்டுமென்றால் கொழும்புக்குச் சொல்லிவிட வேண்டும். சண்டையால் றோட்டுக் கிடக்கிற கிடையில் அது எப்போது வந்து சேரும்?

வகுப்புக்குப் போனபோது கந்தோர் ஐயா கதிரையில் வந்து இருந்துவிட்டார். பெட்டைகள் நெற்றி நிறைய விபூதியோடு நின்றார்கள்.

“எங்கை, ஆர் முதல்? குணலட்சுமி, நீ வா,” என்றார் சேர்.

பிளொப்பிப் பெட்டி பக்கத்தில்தான் இருந்தது. பேசாமல் உள்ளே போட்டுவிட்டால் ஒரு குஞ்சுக்கும் தெரியாது.

மகாதேவி காதுக்குள் குசுகுசுத்தாள். “இருந்து பாரடி. பூசை இல்லாத மெசின் இண்டைக்குக் காலை வாரத்தான் போகுது. உந்தாளுக்கு வேணும்.”

குணலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. தான் செய்த களவுக்கு அந்த மனிசன் பேச்சு வாங்குவதா? பையைத் திறந்து தட்டை நீட்டினாள்.

“சேர், நான்தான் களவாய்க் கொண்டுபோனனான். பூசையிலை வைச்சுப் பழுதாக்கிப்போட்டன். மற்றவையைக் கோவிக்காதேங்கோ. ஐயா இன்னொரு நாள் வந்து இவையளுக்குச் சோதினை வைக்கட்டும். நான் எழுதேல்லை.”

கந்தோர் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

வின்சன்ற் சேர் தட்டை வாங்கி, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“நல்ல வாசம். ஆர் அரைச்ச சந்தனம்?”

“அம்மா…”

“ம்.”

திறப்பை எடுத்து அலுமாரியைத் திறந்தார். உள்ளேயிருந்து இன்னொரு தட்டை எடுத்து மெசினில் செருகினார். அது கறகறவென்று உறுமியது. திரையில் பச்சை எழுத்துகள் வரிசை வரிசையாய் எழும்பின.

“இருந்து அடி, பிள்ளை. ஐயா பாத்துக்கொண்டிருக்கிறார்.”

“அப்ப… உது?”

“உது போன வருசப் பூசையோடை செத்தது. உன்னை மாதிரித்தான் ஒருத்தி கொண்டுபோனவள்.”

குணலட்சுமி உறையைப் பார்த்தாள். அந்த மஞ்சள் கறை சோற்றுக் கறை இல்லை.

“செத்ததெண்டா எறியிறதுதானே சேர்? பேரெழுதி, பெட்டியையும் திறந்து, ஏன் மேசையிலை வைச்சனீங்கள்?” என்று கேட்டது மகாதேவிதான்.

சேர் தட்டைப் பொட்டு அழியாமல் பக்குவமாக உறைக்குள் போட்டார்.

“புகை பட்டால் மெசின் தாங்காது, பிள்ளையள். அதுக்காக உங்களை வெறுங்கையோடை சரசுவதியிட்டை அனுப்பேலுமே?”