சுவரில் கோணலாய் ஒரு படம்

பயாப்ஸி ரிப்போர்ட்டை எங்கே ஒளிப்பது என்று வீடெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் சுவரிலிருந்த அம்மாவின் படத்துக்குப் பின்னால் செருகினான் சந்திரன். உள்ளே ஏதோ தடுத்தது. பழைய அட்டையாக இருக்கும் என்று அழுத்தித் தள்ளினான்.

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எழுபத்து நாலு வயதில் அம்மா ஆவுடையம்மாளுக்கு மார்பில் புற்றுநோய். அதற்கு ஆபரேஷன், கீமோ என்று அடுக்குகிறாள் அந்த டாக்டர் அமலி. இந்த வயதில் உடம்பு தாங்குமா என்றால், "அவங்க தாங்குவாங்க. மொதல்ல அவங்ககிட்ட பேசுங்க" என்கிறாள். என்னமோ கூடப் பிறந்தவள் மாதிரி.

விஷயம் தெரிந்தாலே அம்மா பாதி போய்விடுவாள். வைத்தியமே வேண்டாம் என்று அம்மாவுக்காக அவனே முடிவு சொல்லிவிட்டு வந்திருந்தான்.

அத்தையை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று முணுமுணுத்தாள் மனைவி பூர்ணா. அவன் படத்தைக் காட்டினான். "அவங்க எல்லாத்தையும் விட்டவங்க. அதப் பாரு."

படத்தில் ஆவுடையம்மாள் பெண்துறவியின் ரோஸ் உடையில், மொட்டைத் தலையோடு நின்றாள். பதினோரு வருடத்துக்கு முன் பர்மாவில் மாவ்பி ஊர் புத்த மடத்தில் ஆறு மாதம் இருந்தபோது எடுத்தது. பார்க்க ஒருத்தரும் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பக்கத்தில் நின்ற துறவிகள் தலையை மட்டும் மழித்திருக்க, இவளுக்குப் புருவம்கூட இல்லை. அம்மா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள் என்பதில் சந்திரனுக்கு இன்றும் பெருமை.

உள்ளேயிருந்து வந்த ஆவுடையம்மாள், டாக்டர் என்ன சொன்னாள் என்று கேட்டாள். வெறும் கொழுப்புக் கட்டி, தைலம் தடவினால் கரைந்துவிடும் என்றான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. கோணலாய்த் தொங்கிய படத்தைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, பூர்ணா பிடிப்பதற்குள் ஏறிக் கழற்றினாள்.

பின்னாலிருந்து இரண்டு காகிதங்கள் விழுந்தன. ஒன்று வெள்ளை. இன்னொன்று பழுத்துப்போயிருந்தது, தேதி பதினோரு வருடப் பழசு. இரண்டிலும் நோயாளியின் பெயர் ஒன்றுதான்.

"அப்பவும் நீ வேணாம்னுதான் சொல்லியிருப்ப. அதான் சொல்லல." இறங்கி, பழுத்த காகிதத்தை எடுத்து அவன் மேல் விட்டெறிந்தாள்.

"மடத்துல யாரும் எனக்கு மொட்டை போடலடா. கீமோவுல கொட்டுச்சு."