கறுப்பு வெள்ளைக் கோபுரம்

"நெத்தியில நாமம், கையில போனு... மாதா கோயில் வாசல்ல இன்னா சாமி பண்றீங்க?"

துடைப்பத்தைத் தரையில் ஊன்றியபடி கேட்டாள் லூர்தம்மாள். காலைப் பூசை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. அவள் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

கோபுரத்தைக் குறிபார்த்து நின்றிருந்த கோபு, கூச்சத்தோடு போனைத் தாழ்த்தினார்.

"படம் எடுக்கறேம்மா. உள்ளே வரமாட்டேன்."

"வந்தா இன்னா, யாரு வாணாம்னாங்க? எந்த ஊரு?"

"ஸ்ரீபெரும்புதூர். ஒரகடத்துல ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ். ஞாயித்துக்கிழமையானா பஸ் ஏறிடுவேன். வாரம் ஒரு சர்ச்."

"எனக்குத் தாய்வூடு ஒரகடம் பக்கத்துல சேரப்பணஞ்சேரிதான்!" உரிமையோடு நெருங்கி வந்து திரையை எட்டிப் பார்த்தாள். "இன்னா சாமி, கலரே இல்ல?"

"கத்துக்குடுக்கறவ அப்படித்தான் எடுப்பா. நெட்லதான் பழக்கம். கறுப்பு வெள்ளையில சர்ச்சுகளா எடுத்துப் போடறா. நான் போடற படத்தையும் பார்த்து, கோணல், வெளிச்சம் ஜாஸ்தின்னு எழுதுவா."

"நேர்ல போயே கத்துக்கலாமே?"

கோபு திரையை விரலால் துடைத்தார்.

"நான் யாருன்னு அவளுக்குத் தெரியாது. வேற பேர்ல எழுதறேன். தெரிஞ்சா பேசமாட்டா."

லூர்தம்மாளின் முகம் சுருங்கியது.

"பொம்பளப் புள்ளயா?"

"ஆமாம். இருபத்தாறு வயசு."

"தலை நரைச்ச மனுசன்... பொய்ப் பேர்ல ஒரு பொண்ணுகிட்ட பேசிக்கினு கீறீங்களே, நல்லாவா கீது? அதுவும் ஆண்டவர் சந்நிதியில நின்னுகினு!"

"நல்லா இல்லைதான்" என்றார் கோபு மெதுவாக. "எனக்கு வேற வழி தெரியலம்மா."

அவள் முறைத்துக்கொண்டே பெருக்கப் போனாள். அவர் எடுத்த படத்தை நெட்டில் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

போன் சிணுங்கியது. படித்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அய்யய்யோ, இன்னா சாமி ஆச்சு?" துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள் லூர்தம்மாள்.

அவர் போனை அவளிடம் நீட்டினார். அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள்:

"படியில உங்க நிழலும் விழுந்திருக்கு. வெட்ட வேண்டாம், இருக்கட்டும். அந்த நிழலை எனக்குத் தெரியாதா? அடுத்த வாரம் நானும் உங்க மாப்பிள்ளை ஜெபகுமாரும் அங்கே வரோம், அப்பா."