மேஜை முனைகள்

கல்லூரியைச் சுற்றிக்காட்டும் நாள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் மகள் முதலில் தரையைத்தான் பார்ப்பாள். வலிப்பு வந்தால் எந்தப் பக்கம் விழுவோம், தலை எதில் இடிக்கும் என்று ஒரு கணக்கு. அப்பாவுக்கும் அது தொற்றிக்கொண்டுவிட்டது. வேதியியல் கூடத்தின் கண்ணாடிக் குடுவைகளைக் கண்டதுமே இருவரும் திரும்பிவிட்டார்கள். கணினி அறையில் கம்பளம். "இது தோதா இருக்கும்மா" என்றார் அப்பா. "மெத்தை வாங்கவா வந்திருக்கோம்?" என்றாள் அவள். இப்போது பாறைகளைப் படிக்கும் துறையில் நுண்ணோக்கியின் மேல் குனிந்திருக்கிறாள். ஜன்னல் வெயில் அவள் பின்கழுத்தில் கிடக்கிறது. கண்ணாடிச் சில்லில் ஒட்டியிருக்கும், தாளைவிட மெல்லிதாய்த் தேய்த்த கருங்கல் துண்டு. அதைத் தாங்கும் வட்டத் தட்டைத் திருப்பத் திருப்பச் சாம்பல் நிறம் நீலமாகிறது, நீலம் மஞ்சளாகிறது. "ஏன் இப்படி மாறுது?" என்கிறாள். "அதப் படிக்கத்தான் மூணு வருஷம்" என்று சிரிக்கிறாள் பக்கத்தில் நிற்கும் மாணவி. அப்பா சுற்றிலும் பார்க்கிறார். வழவழவென்று சிமெண்டுத் தரை; மேஜை முனைகள் எல்லாமே கூர். "தரையப் பாத்தியாம்மா?" என்கிறார் மெதுவாக. "எந்தத் தரை?" என்கிறாள், கண்ணை எடுக்காமலே. அப்பா அவள் பக்கத்து மேஜை முனையை உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறார். "எனக்கும் கொஞ்சம் காட்டு" என்கிறார்.