படிக்காத பக்கம்

இழுப்பறையில் கிடந்த பழைய சிடி டிரைவை ஜெசிந்தா வெளியே எடுத்துத் தூசி தட்டி, அதன் வயரைக் குட்டி லேப்டாப்பில் செருகினாள். லேப்டாப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இன்னுமா இருக்கீங்கண்ணே? உங்க ஆளுங்களை வயித்துல சுமக்காததாலதான் நான் இப்படி ஒல்லியா இருக்கேன்!”

டிரைவ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன்பெல்லாம் கல்யாண நாள்தோறும் தன் தட்டில் வந்து உட்காரும் அதே சிடியை, ஜெசிந்தா முந்தானையில் துடைத்து வைத்திருந்தாள். டிரைவ் அதை ஆசைதீரச் சுற்றிச் சுற்றிப் படித்தது. திரையில், காலமாகிவிட்ட அவள் கணவர் மாலையும் கழுத்துமாகச் சிரித்தார்.

“எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டேன். இனி நீங்க பழைய சாமான் கடைக்குக் கிளம்ப வேண்டியதுதான்” என்றது லேப்டாப்.

“எடுத்துக்கோ தம்பி. ஆனா அதுல எனக்குத் தெரியாத இடமே கிடையாது” என்றது டிரைவ், விட்டுக்கொடுக்காமல்.

ஜெசிந்தா திரையைப் பார்க்கவில்லை. சிடியைக் கையில் எடுத்து, அதன் மேல் கணவர் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்ததை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். கண்கள் நிறைந்துவிட்டன.

லேப்டாப் குரலைத் தாழ்த்திக் கேட்டது: “அண்ணே, அங்க என்ன எழுதியிருக்கு?”

“தெரியலையேப்பா” என்றது டிரைவ். “இத்தனை வருஷமும் நான் அடிப்பக்கத்தை மட்டும்தான் படிச்சிருக்கேன்.”